பேசாமல் உட்கார்ந்திருந்த உத்தியோகம்

திண்டுக்கல்லில் பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அங்கே பாதிப் பயிற்சி போனில் நடக்கிறது. கொடைக்கானல் மலைமேல் இருக்கிற பிள்ளையும் ஒட்டன்சத்திரத்துப் பிள்ளையும் வீட்டில் இருந்தபடியே படத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொடுக்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயாம்மா, இந்தக் கொடுமையக் கேளுங்க. பிள்ளைகிட்ட ஒண்ணு கேட்டுட்டு நான் காத்துக்கிட்டு இருப்பேன். அதுவும் வாயக் கூட்டிக்கிட்டு வரும். சரியா அந்த நேரத்துல அவங்க அம்மா, 'ஹலோ, ஹலோ, மேடம், இருக்கீங்களா, நெட்டு போயிருச்சா'ன்னு போனைத் தட்டுறாங்க. வந்த வார்த்தை உள்ள போயிருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல நீங்க எப்படிக் காத்திருந்தீங்க? எழுதிக் குடுங்களேன், நாங்க படிக்கிறோம்" என்றாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

மையத்துக்கு வருவதற்கு முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தேன். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்வோம். பேசக் கூச்சப்படுகிற எனக்கு அது தோதான இடமாக இருந்தது. மில்லை மூடியதும் எங்கள் பங்குக் கோயிலில் சொல்லி இந்த வேலை கிடைத்தது. முதலில் கூட்டினேன், துடைத்தேன், பிள்ளைகளின் எச்சில் துணி துவைத்தேன். பிறகு பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு பயிற்சியாளர் ரெஜினா மேடம் என்னைப் பயிற்சி அறைக்குள்ளேயே உட்கார வைத்துக்கொண்டார்.

மேடம் தூத்துக்குடிக்காரர். பேச்சுப் பயிற்சியில் பெரிய படிப்புப் படித்தவர். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் தரையில் உட்காருவார். பிள்ளை தரையில் உட்கார்ந்தால் அவர் முதுகை வளைத்துக் குனிந்துகொள்வார். தன் வாய் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வெயில் காலத்திலும் ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற பக்கமாகத்தான் அமருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் பெற்றவர்களில் யாராவது பிள்ளையைப் பார்த்து "சொல்லு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். சொன்னவர் தானாக வெளியே போய்விடுவார். "சொல்ல முடிஞ்சா சொல்லியிருக்காதா அது?" என்று பிறகு என்னிடம் கேட்பார்.

வாயை அசைப்பதில் வரும் கோளாறு எல்லாம் ஒன்றல்ல என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வகைப் பிள்ளைக்குத் தசையில் பலம் இருக்காது. பேகம்பூரிலிருந்து வந்த அன்வர் அப்படித்தான். வாயிலிருந்து எச்சில் வடியும், பேச்சு எந்நேரமும் ஒரே மாதிரி குழறும், சத்தம் அடங்கிப் போகும். அவன் கால் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்து மேடம் காலுக்கடியில் ஒரு பலகை வைக்கச் சொன்னார். நான் பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு நிமிர்ந்தது, மூச்சு நிறைய உள்ளே போனது, குரல் வெளியே வந்தது. "காலு நிக்காம வாய் நிக்காது லூர்தம்மா" என்றார் மேடம். நான் அன்று வரைக்கும் பேச்சு என்பது நாக்கோடு முடிகிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொரு வகை உண்டு. அதற்கு அப்ராக்ஸியா என்று பேர். அந்தப் பிள்ளைக்கு நாக்கில் பலம் இருக்கும், உதட்டில் பலம் இருக்கும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். எதை முதலில் அசைப்பது, எதை அடுத்து அசைப்பது என்ற வழி மட்டும் மூளையிலிருந்து வாய்க்குச் சரியாக வந்து சேராது. அதனால் ஒரே வார்த்தை இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு வேறு மாதிரியும் தப்பாக வரும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை வீம்பு பண்ணுவது போலத் தெரியும். இந்த வகையில் வந்தவள்தான் தர்ஷினி. என் உத்தியோகத்தில் எனக்குப் பெருமை தேடித் தந்த பிள்ளை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகை போடுகிற குடும்பம். பிள்ளைக்கு ஐந்து வயது. கூட்டி வந்தவர்கள் இரண்டு பேர். அம்மா செல்வி, ஒல்லியாக இருந்தாள், வாசற்படியிலேயே நின்றாள். அப்பாவின் அக்காள் ராக்கம்மாள் முன்னால் வந்து மேடத்துக்கு நேரெதிரே உட்கார்ந்தார். வெற்றிலை போட்ட வாய். கூட்டுக் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் சட்டம் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"டீச்சரம்மா, எங்களுக்கு ஒரு சர்டிபிகேட்டு வேணும். பிள்ளைக்கு மூள வளர்ச்சி இல்லைன்னு எழுதித் தாங்க. வெளியூர்ல அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஆஸ்டல் இருக்காம். சூன் மாசம் சேத்துக்கிறோம்னு சொல்லியிருக்காக."

"உங்க பேரு என்ன பாப்பா?" என்று மேடம் பிள்ளையிடம் கேட்டார்.

"தர்ஷினி" என்றார் ராக்கம்மாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி. ரெண்டு. மூணாவது வேணாம்னுட்டா."

மேடம் சிரித்துக்கொண்டே, "அவ ரொம்ப நல்லாப் பேசுறாளே" என்றார். ராக்கம்மாளுக்குப் புரிய செத்த நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளையின் நாக்கு கறுப்பாக இருந்தது. பேச்சு வரும் என்று வசம்பைச் சுட்டு அரைத்துத் தடவியிருக்கிறார்கள். மேடம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "நாக்கை நீட்டு கண்ணு" என்றார். தர்ஷினி வாயைத் திறந்தாள். நாக்கு உள்ளேயே புரண்டது. தலையை முன்னால் நீட்டினாள், கண்ணை விரித்தாள், கடைசியில் விரலை உள்ளே விட்டு நாக்கை வெளியே இழுக்கப் பார்த்தாள்.

"பாத்தீகளா, விளையாட்டு" என்றார் ராக்கம்மாள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் தேனை எடுத்து வந்து பிள்ளையின் உதட்டோரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். நாக்கு பாம்பு மாதிரி வெளியே வந்து நக்கிவிட்டு உள்ளே போனது. அந்தப் பக்கம் வைத்தேன். அந்தப் பக்கமும் போனது. "இப்ப நீட்டு" என்றதும் மறுபடி அதே தவிப்பு.

அடுத்து மேடம், "மேசைல நீலப் புத்தகத்துக்கு அடில ஒரு சாவி இருக்கு. அதை எடுத்து லூர்தம்மா மடியில போடு. போட்டுட்டு வந்து உங்க அம்மா பக்கத்துல நில்லு" என்றார். கையைக் காட்டவில்லை, கண்ணால் ஜாடை காட்டவில்லை. பிள்ளை அத்தனையும் செய்து முடித்து அம்மா பக்கத்தில் போய் நின்றது.

"இதுக்கு மூளை இல்லைன்னு நான் எப்படி எழுதுறது?" என்று கேட்டார் மேடம்.

அப்போதுதான் செல்வி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஆஸ்டலுக்கு வேணாம் மேடம். எங்கிட்டயே இருக்கட்டும்." அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஜூன் வரைக்கும் எனக்குக் குடுங்க" என்றார் மேடம்.

"அதுக்குள்ள பேசிருமா?" என்றார் ராக்கம்மாள்.

"சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தினமும் வீட்டுல பயிற்சி வேணும். அம்மா முகத்துக்கு நேரே உக்காந்து, வாயைக் காட்டி, அவளோட சேர்ந்து சொல்லணும். சாயங்காலம் முடியுமா செல்வி?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். விடியுமுன்னே பூவெடுக்கப் போகிறவள். பிறகு காட்டு வேலை. பிள்ளையோடு இருக்கக் கிடைப்பதே சாயங்காலம்தான். ஆனால், "வெளக்கு வச்சப்புறம் நான் பேசுறதில்ல மேடம். இவளுக்குப் பேச்சு வரணும்னு வேண்டி மௌன விரதம் இருக்கேன். ரெண்டு வருசமாச்சு" என்றாள்.

நானும் வேண்டுதல் வைக்கிறவள்தான். அவள் மனது எனக்குத் தெரிந்தது. மகளுக்குக் குரல் வேண்டித் தன் குரலைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்தப் பிள்ளை பார்த்துப் பழக வேண்டிய வாயும் அதுதானே. மேடம் கோபப்படவில்லை, சாமி விஷயத்தில் தலையிடவும் இல்லை. நிதானமாகக் கேட்டார்: "அந்த நேரத்துல வீட்டுல மத்தவங்க பேசுவாங்களா?"

"ஆமா. எல்லாரும் பேசுவாக. இவளுக்கு என்ன வேணுமோ அதையும் அவுகளே சொல்லிருவாக."

"அப்ப இவங்க அம்மா பேசவும், நாங்க அம்புட்டுப் பேரும் வாயக் கட்டிக்கிட்டு உக்காரவும் செஞ்சா சரியாப் போயிருமாக்கும்?" என்று ராக்கம்மாள் நக்கலாகக் கேட்டார்.

"ஆமாங்க. ரொம்பச் சரியாப் போயிரும்" என்றார் மேடம்.

நக்கலுக்குச் சொன்னது அவர் கழுத்தையே சுற்றிக்கொண்டது. வெற்றிலையை மென்றபடி யோசித்தார். கோயில் காரியத்தைப் பாதியில் விடுவது ஆகாது என்பதில் அவருக்கும் பயம் உண்டு. கடைசியில் செல்வியிடம் சொன்னார்: "சரித்தா. உன் விரதத்த நான் வாங்கிக்கிறேன். வெளக்கு வச்சா எண்ணெ தீருற வரைக்கும் என் வாயி மூடியிருக்கும். நீ பேசு. சாமிக்கு ஆளு யாரா இருந்தா என்ன, விரதம் நடந்தாச் சரி."

"மதினி!" என்றாள் செல்வி. ராக்கம்மாள் வாயை மூடி ஒரு மணி நேரம் இருப்பார் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

மேடம் முதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டது "மாட்டேன்." அதற்கும் ஒரு சண்டை நடந்தது. "அம்மான்னு சொல்லிக்குடுக்காம இதென்ன வார்த்தை? வாயத் திறக்கும்போதே எதுத்துப் பேசவா?" என்றார் ராக்கம்மாள். மேடம் சொன்னார்: "அம்மாவைச் சேலையப் பிடிச்சு இழுத்தே கூப்பிட்டுக்கறா. வேணும்கிறதுக்குக் கையக் காட்டுறா. மாட்டேன்கிறதுக்கு இவகிட்ட ஒண்ணுமில்லை. அழுது புரளத்தான் தெரியும். அதைத்தான் நீங்க வீம்புங்கிறீங்க."

எளிதான வார்த்தை இல்லை அது. உதடு ஒட்ட வேண்டும், மூக்கில் சத்தம் வர வேண்டும், வாய் அகலத் திறக்க வேண்டும், பிறகு நாக்கு மடங்கி மேலே போய் முட்டி இறங்க வேண்டும். மேடம் அதை இரண்டாகப் பிரித்தார். "மா" தனியாக, "டே" தனியாக. கடைசி எழுத்து வராவிட்டால் போகட்டும் என்று விட்டார். முதலில் இருவரும் சேர்ந்து சொல்வார்கள், இழுத்து, பாட்டுப் போல. அப்போது மேடத்தின் விரல் பிள்ளையின் தாடைக்கடியில் லேசாகத் தொட்டிருக்கும். அடுத்து மேடம் சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார், பிள்ளை சத்தத்தோடு சொல்லும். அதற்கடுத்து உதட்டை மட்டும் ஒட்டிக் காட்டி நிறுத்திக்கொள்வார். கடைசியில் ஒன்றுமே காட்டமாட்டார், காத்திருப்பார்.

அந்தக் கடைசி இடத்தில்தான் என் உத்தியோகம். பிள்ளை மறுக்க வேண்டுமென்றால் மறுக்கிற மாதிரி யாராவது கேட்க வேண்டுமே. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், "தர்ஷினி, இதால தலை சீவி விடவா?" என்று கேட்பேன். செருப்பைத் தட்டில் வைத்து, "தோசை சாப்பிடுறியா?" என்பேன். கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாலும் அவர்கள் கண்ணும் புருவமும் பேசிக்கொண்டே இருக்கும், பிள்ளை அதைப் பார்த்துத் தடுமாறும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறவியிலேயே வாய் பேசக் கூசுகிறவள். "லூர்தம்மா மாதிரி சும்மா இருக்க எனக்கே வராது" என்று மேடம் வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். வீட்டில் என்னை ஊமை என்று கேலி பண்ணியவர்கள் உண்டு. அதற்குச் சம்பளமும் மரியாதையும் கிடைத்தது இந்த ஒரே இடத்தில்தான்.

வீட்டில் பயிற்சி சரியாக நடக்கவில்லை என்று தெரிந்ததும் மேடம் என்னை நிலக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "நீங்க போய்ச் சும்மா இருந்து காட்டிட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் வீடு நிறைய ஆட்கள். பிள்ளையின் அப்பா பாண்டி, சித்தப்பன்மார், அவர்கள் பெண்டாட்டிமார் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். விளக்கு வைத்தார்கள். ராக்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து வாயை இறுக்கினார். விரதத்தை அவர் ஒழுங்காகத்தான் நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் வாய்க்குப் பதிலாகக் கை பேசியது. பிள்ளை எதையாவது பார்த்தால் போதும், விரலை நீட்டி அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிடுவார்.

அவர் கை இரண்டையும் எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிறகு மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு நேரே உட்கார்ந்தேன்.

"தர்ஷினி, உங்க அத்தைக்கு இதால தலை சீவிவிடுறியா?"

வீடு கொல்லென்று சிரித்தது. ராக்கம்மாளின் கண் உருண்டது, வாய் திறக்க முடியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு அடங்கியது. விளக்கில் திரி படபடத்தது. யாரோ இருமினார்கள். பிள்ளையின் உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. "மா" என்றது. அதோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அதுவரை பிள்ளைக்கு அவ்வளவு நேரம் யாரும் விட்டதே இல்லை. பாண்டி சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மார்ச் போனது, ஏப்ரல் போனது. சில நாள் "மா" வரும், "டே" வராது. சில நாள் இரண்டும் வரும், ஒட்டாது. சில நாள் எல்லாமே மறந்து போகும். பாண்டிக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. பிள்ளைமேல் உயிர் அவருக்கு. விடுதிக்குப் போனால் யாராவது பார்த்துக்கொள்வார்கள், நமக்குப் பிறகு யார் இருக்கிறார்கள் என்பது அவர் பயம்.

ஜூன் மாதம், விடுதியில் சேர்க்கிற நாளுக்கு முந்தின நாள் நாலு பேரும் மையத்துக்கு வந்தார்கள். செல்வி மடியில் ஒரு புதுப் பை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு ஆஸ்டல்ல சேக்கப் போறோம் மேடம். நீங்க பார்த்த வைத்தியத்துக்கு ஒரு ரிப்போர்ட்டு மட்டும் தாங்க" என்றார் பாண்டி.

"தாரேன். அதுக்கு முன்னாடி நீங்களே அவகிட்டக் கேளுங்க" என்றார் மேடம்.

"நான் என்னத்தக் கேக்குறது?"

"எங்க போறோம்னு சொல்லி, போலாமான்னு கேளுங்க. உங்க பிள்ளைதானே."

பாண்டிக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பதில் வரும் என்று எண்ணி அவர் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, அப்பா ஒன்ன ஆஸ்டல்ல விடப் போறேன். அங்கயே இருக்கணும். போலாமா?"

நாங்கள் காத்திருந்தோம். தர்ஷினி வாயைத் திறந்தாள். "பா" என்று வந்தது. தலையை ஆட்டினாள். "நா" என்று வந்தது. அதுவும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது.

பாண்டி எழுந்துவிட்டார். "போதும் மேடம். பச்சப் பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துறீக?"

"ஏலே, உக்காரு" என்றார் ராக்கம்மாள். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தவர் அதை எடுத்துவிட்டுச் சொன்னார். "அவ இன்னும் முடிக்கல." சொல்லிவிட்டு மறுபடி தலைப்பை வைத்து மூடிக்கொண்டார்.

பாண்டி உட்கார்ந்தார். மேடம் அசையவில்லை. நான் அசையவில்லை. செல்வி மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்கு நேரே குனிந்து, தன் உதடு இரண்டையும் மெல்ல ஒட்டிக் காட்டினாள். சத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவின் வாயையே பிள்ளை பார்த்தது. அதன் உதடும் ஒட்டியது.

"மா..."

மூச்சு வாங்கிக்கொண்டது.

"...டே."

பாண்டிக்குக் கேட்டது. ஆனால் நம்பத் தெரியவில்லை. "என்ன கண்ணு? என்ன சொன்ன?" என்று முகத்தருகே போய்க் கேட்டார். தர்ஷினி மறுபடி முயன்றாள். இந்தத் தடவை "மா...கே" என்று வந்தது.

"அப்படித்தாங்க வரும்" என்றார் மேடம். "ஒரு தடவை வந்தது மறு தடவை அப்படியே வராது. இதுதான் இவளோட கஷ்டம். நாள் பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதித் தாரேன், உங்க ஊர்லயே ஒண்ணாப்புல போடுங்க. இன்னும் பத்துத் தடவை கேட்டா..."

"வேணாம் மேடம்" என்றார் பாண்டி. குரல் உடைந்திருந்தது. "ஒரு தடவை சொன்னாப் போதும். எனக்குக் கேட்டுருச்சு."

செல்வி அந்த இடத்திலேயே பையைத் திறந்தாள். விடுதிக்காக வாங்கி வைத்திருந்த புதுச் செருப்பை வெளியே எடுத்து மகளின் காலில் மாட்டிவிட்டாள். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.